ஏழு பன்னிரண்டு

விழாவின் மூன்றாம் நாள்.
வெள்ளவத்தையில், தண்டவாளத்தை ஒட்டிய
பள்ளிக்கூட மண்டபம்.
வாசலில் சந்தனக் கும்பா, கற்கண்டு,
கற்கண்டில் எறும்பு.

மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு
கையில் டெற்றோல் வாசத்தோடு
கடைசி வரிசையில் வந்து உட்காருகிறேன்.
மின்விசிறி அங்கேதான் ஒழுங்காகச் சுற்றும்.
பக்கத்தில் மேசை, வயர்க்குவியல்,
ஒலிபெருக்கிக்குப் பொறுப்பான சுமிந்த.

நிகழ்ச்சிநிரலின் பின்பக்கம்
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான்:
6.04, 6.31, 6.48, 7.12.
உருப்படிகளின் நேரமென்று
முதல்நாள் நினைத்தேன்.
வண்டிகளின் நேரம்.

"தாத்தா தெஹிவளையில கேட் மூடுற ஆள்."
தாத்தா என்றால் அவனுக்கு அப்பா.
வண்டி வர அரை நிமிடம் இருக்கையில்
சின்ன டோர்ச்சை மேடைக்கு ஒருதரம் மினுக்குவான்.
பாடுகிறவர் சங்கதியை வளைத்து
ஏதாவதொரு சுரத்தில் இளைப்பாறுவார்.
பாணந்துறை வண்டி
நிறைந்து வழிந்து போகும்.
பிறகு, விட்ட இடம்.

இன்று துஷ்யந்தி கனகசுந்தரம்.
சஹானா.
நாலாம் தரப் பரீட்சையில்
என்னைக் கவிழ்த்த ராகம்.
"காந்தாரம் நிக்குது பிள்ளை, அது அசைய வேணும்"
என்று எழுதாமல் சொல்லி
பெயிலென்று எழுதினார்கள்.
அதற்குப் பிறகு நான் குளியலறையிலும் பாடியதில்லை.
தாளம் மட்டும் போடுவேன்,
கைப்பைக்குக் கீழே, தொடையில்.

ஏழு பன்னிரண்டுக்கு டோர்ச் மினுங்கிற்று.
அவர் காந்தாரத்துக்கு இறங்கி, அதை ஒருமுறை அசைத்து,
நிறுத்தினார்.

வண்டி வரவில்லை.

வில் நரம்புக்கு மேலே.
நிரோஜனின் கை தோலுக்கு மேலே.
சுருதிப்பெட்டி மட்டும்
யாரும் கேட்காத கேள்விக்கு
ஆம் ஆம் என்றுகொண்டிருந்தது.
அதற்கும் கீழே இன்னொன்று.
கடல்.
பதினொரு வருடமாக இந்த ஊரில்
கடல் எனக்கு யன்னல் கம்பியைத் தின்னும் துரு,
மாதாமாதம் துடைக்கிற உப்பு.
அதற்குக் குரலும் இருந்ததா?

"முடிஞ்சுதா அம்மா?"
மூன்றாம் வரிசையில் ஒரு குழந்தை.
யாரோ சிரித்தார்கள்.
கண் திறக்காமல் துஷ்யந்தியும் சிரித்தார்.
சுமிந்த இரண்டு கையையும் விரித்தான்:
அரசாங்கத்தின் வண்டி, நான் என்ன செய்ய.

அவர் தொடர்ந்தார்.
விட்ட இடத்தில் இல்லை. கொஞ்சம் கீழே,
படியில் கால் தேடுகிறவர் போல.
பிறகு ஏறினார். ஏறி
மேல் ஷட்ஜத்தைத் தொடவும்
வந்தது, ஏழு நிமிடம் பிந்தி.
ஊதல் ஐந்தரைக் கட்டைக்குச் சற்றே கீழே,
பிடிவாதமான அபசுரம்.
டோர்ச்சுக்கு நேரமில்லை.
அவரும் நிறுத்தவில்லை.

சுவர் அதிர்ந்தது.
படிக்கட்டில் தொங்கியவர்களின் முகங்கள்
எங்கள் குழல்விளக்கில் ஒவ்வொன்றாய் நனைந்து போயின.
அவர் வாய் அசைந்தது.
கை மட்டும் உயர்ந்து, வளைந்து, உயர்ந்து...
என்ன பாடினாரென்று
தலையாட்டிய நிரோஜனுக்குத்தான் தெரியும்.

அந்த இரைச்சலுக்குள்
ஒரு வாய் திறந்திருந்தது. என்னுடையது.
காந்தாரம்.
அசைந்ததா நின்றதா தெரியாது.
தொண்டை எரிந்தது.
கைப்பை கீழே விழுந்தது.
பெட்டி பெட்டியாய் வண்டி கடந்தது.
கடைசிப் பெட்டி
நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் போய்விட்டது.

திடீரென்று மண்டபம் அத்தனை தெளிவு.
முன்வரிசை ஒரு தலை திரும்பி
மறுபடி மேடைக்குப் போயிற்று.

சுமிந்த குனிந்து கைப்பையை எடுத்துத் தந்தான்.
பென்சிலால் 7.12ஐ வெட்டவில்லை.
பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தான்.
நான் எதுவும் கேட்கவில்லை.
"எனக்குக் கேக்கல்ல" என்றான்,
காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றியபடி.